செம்பாட்டுத் தறைக்குச் சுமந்த குளத்து வண்டல்

எங்கள் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இரண்டு துண்டு நிலம் உண்டு. ஒன்று வீட்டோடு சேர்ந்த ஆறு பரப்புச் செம்பாட்டுத் தறை, அதாவது செம்மண் தோட்ட நிலம் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்). வெங்காயம், மிளகாய், கத்தரி, பயிற்றை என்று ஏதாவது ஒரு பயிர் ஆண்டு முழுவதும் அதில் நிற்கும். மற்றையது வழுக்கையாற்றுப் பள்ளத்தில் இருக்கும் எட்டுப் பரப்பு வயல். அதில் மாரி மழையை நம்பிய காலபோகத்தில் மட்டும் நெல் விதைப்போம். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சைக்கிளில் இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்றாலும், மண்ணை அள்ளிப் பார்த்தவர் எவரும் இரண்டும் ஒரே ஊர் நிலம் என்று சொல்லமாட்டார். பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாளே செம்பாட்டில் காலில் சேறு ஒட்டாமல் நடக்கலாம். வயலிலோ ஒரு கிழமை கழித்தும் கால் புதையும். பங்குனி வெயிலில் வயல் மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். செம்பாடு வெடிப்பதில்லை, புழுதியாக உதிரும்.

இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதைச் சிறு வயதில் நான் யோசித்ததில்லை. செம்மண் எங்கள் சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் படிந்து கிடக்கும் மண். அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு, களித் துணிக்கைகளைச் சிறு மணிகளாகத் திரட்டி வைத்திருப்பதால் நீர் தங்குதடையின்றிக் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் இறைத்த தண்ணீர் மாலையில் பாத்தியில் தெரியாது. போகும்போது அது தனியே போவதுமில்லை. நாங்கள் இட்ட யூரியாவில் ஒரு பங்கு நைத்திரேற்றாக மாறி, அந்தத் தண்ணீரோடு பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டப்பட்டிருப்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே தண்ணீரைப் பிடித்து வைக்காத மண் என்பது விளைச்சலோடு முடிந்துவிடும் குறை அன்று.

வயல் மண்ணோ நீர் கொண்டுவந்து இட்ட மண். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை; இருக்கும் ஒரே ஆறான வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக்குப் போய்க் கடலேரியில் கலக்கிறது. இவ்வளவு சிறிய ஆறும் தன் பள்ளத்தில் ஒரு வண்டல் நிலத்தை உண்டாக்கியிருக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தில் எங்கள் வயல் முழுக்க மூழ்கியது. அந்தப் போகம் அழிந்துபோனது. ஆனால் அடுத்த ஆண்டு விதைத்தபோது ஐயா (என் தகப்பனார்), “வெள்ளம் நிண்ட வயலுக்கு யூரியாவைக் குறைச்சுப் போடு தம்பி, இல்லாட்டிப் பயிர் கொழுத்து விழுந்துபோம்” என்றார். நான் அதைக் கேட்காமல் வழக்கமான அளவையே போட்டேன். கதிர் வந்த நேரத்தில் கீழ்ப்பக்கத்து வயல் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு நெல்வயலுக்குத் தண்ணீர் என்ன கொண்டுவந்து தருகிறது என்பதை அன்றுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

எகிப்தில் நைல் நதி ஆண்டுதோறும் வயல்களுக்கு வண்டலைக் கொண்டுவந்து பரப்பியது. 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர் அந்த வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட, உழவர்கள் அதன் இடத்தைச் செயற்கைப் பசளையால் நிரப்ப வேண்டியதாயிற்று. தஞ்சையின் நெற்களஞ்சியமும் காவிரி சுமந்து வந்த மண்ணின்மேல் எழுந்ததுதான். எங்களுக்கு நைலும் இல்லை, காவிரியும் இல்லை. ஆனால் குளங்கள் இருக்கின்றன. மழைநீர் ஊர் முழுவதும் ஓடித் திரட்டிய நுண்மண்ணும் சருகும் சாணமும் ஒவ்வொரு மாரியிலும் குளத்தின் அடியில் படிகின்றன. அந்த வண்டலை ஆடி, ஆவணியில் குளம் வற்றியதும் வெட்டி, மாட்டு வண்டிலில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவருவது ஐயாவின் காலத்தில் வழக்கமாக இருந்தது. பூவரசங்குழை தாழ்ப்பது, பழைய பனையோலை வெட்டிப் புதைப்பது, எருவுக்காக மாடுகளைத் தறையில் பட்டி அடைப்பது என்பவற்றோடு அதுவும் ஒன்று. பசளை மூட்டை மலிவாகக் கிடைத்த காலத்திலும் பின்னர் இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும் அந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் அருகிப்போனது.

2016 ஆடியில் எங்கள் ஊர்க் குளமொன்றைத் தூர்வாரினார்கள். கமக்காரர் அமைப்பின் ஊடாக, வேண்டியவர்கள் மண் எடுக்கலாம் என்று அறிவித்தபோது நான் மிகுந்த மகிழ்ச்சியோடு போனேன். எட்டு உழவியந்திரப் பெட்டி மண்ணை வாங்கி இரண்டு பரப்பில் கொட்டினேன். அது கறுப்பாக, ஈரமாக, வழவழவென்று இருந்தது. இதைவிட நல்ல மண் கிடைக்காது என்று நினைத்தேன். கொட்டிய மூன்றாம் நாளே உழுவித்துப் பாத்தி கட்டி, ஆவணியில் வேதாளம் என்ற இன வெங்காயம் நட்டேன்.

அந்த வெங்காயத்தில் நட்ட விதைக்கு மேல் எனக்கு அதிகம் மிஞ்சவில்லை. ஈரத்தோடு உழுத களி, வெயில் பட்டதும் செங்கல்போல் கட்டியானது. மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்தாலும் உடையவில்லை. பாத்தியின் மேற்பரப்பு இரண்டு இறைப்புக்குள் அடைபட்டு, மூன்றாவது இறைப்பில் தண்ணீர் மதியம்வரை தேங்கி நின்றது. செம்பாட்டில் நாற்பது ஆண்டு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிய குடும்பத்துக்கு அது புதிய காட்சி. இருபத்தைந்தாம் நாளளவில் இலை நுனிகள் வெளிறிக் கருகின. பிடுங்கிப் பார்த்தால் வேரடி அழுகியிருந்தது. வரம்போரத்தில் தண்ணீர் காய்ந்த இடத்தில் சீனி தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஐயா ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “உது உப்புத் தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அந்த மண்ணோடு வந்த கோரைக் கிழங்கைக் களைய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

என் பிழைகளை நான் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தது பின்னர்தான். அளவிலேயே முதல் தவறு. ஒரு பெட்டி ஏறக்குறைய ஒரு கியூப், அதாவது 100 கன அடி மண் பிடிக்கும். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடி. ஒரு பரப்புக்கு ஒரு பெட்டி பரப்பினால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனம் வரும். நான் பரப்புக்கு நான்கு பெட்டி இட்டிருந்தேன். ஒன்றே முக்கால் அங்குலம். ஆறேழு அங்குல ஆழம் கிளறும் தறையில் அது நாலில் ஒரு பங்கு களி. செம்பாட்டுக்குத் துணையாக மண் சேர்க்கப்போய், செம்பாட்டையே மூடிவிட்டேன்.

உப்பைப் பற்றி விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பின்னர் விளக்கினார். மண்ணின் உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். வெங்காயம் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸ் அளவுக்கு மேல் போனாலே விளைச்சல் குறையத் தொடங்கும் பயிர். கரட் அதைவிட நொய்ந்தது, அதன் எல்லை 1.0. நெல் 3.0 வரை தாங்கும், பீற்றூட் 4.0 வரை தாங்கும். நான் கொண்டுவந்த மண்ணில் பீற்றூட் போட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். கடலேரிக்குப் பக்கத்துக் குளம், கோடையில் வற்றி வற்றிச் சுண்டிய நீர் என்றால் உப்பை எதிர்பார்த்தே மண் எடுக்க வேண்டும். அள்ளுவதற்கு முன்பே ஒரு கிலோ மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் ஒரு போகம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பிழையை எனக்குக் காட்டியது இன்னொரு வெள்ளம். 2018 டிசம்பர் பிற்பகுதியில் வன்னியில் பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் எல்லாம் திறக்கப்பட, கனகராயன் ஆறு பெருகிக் கண்டாவளைப் பக்கத்தை மூழ்கடித்தது. அக்காவும் அத்தானும் அங்கேதான் வயல் செய்கிறார்கள். வெள்ளம் வடிந்து மூன்று கிழமைக்குப் பின் உதவிக்குப் போனேன். ஆறு கரை உடைத்துப் பாய்ந்த இடத்துக்கு அருகே முழங்கால் உயரத்துக்கு வெறும் மணல் மேடு. நெற்பயிர் அதன் அடியில் எங்கோ கிடந்தது. அங்கிருந்து வரம்பு வரம்பாக உள்ளே நடக்க நடக்க மணல் குறைந்துகொண்டே வந்தது. நாலாவது வயலில் ஒரு விரற்கடை கனத்துக்கு மிருதுவான, மாப்போன்ற மண் பரவியிருந்தது; காய்ந்த இடங்களில் அது பொரித்த அப்பளம்போல் ஓரம் சுருண்டு மேலெழும்பி நின்றது. கையில் எடுத்து நசுக்கினால் பொடியாயிற்று. இன்னும் உள்ளே, தண்ணீர் கடைசியாகத் தேங்கி வற்றிய பள்ளத்தில் மட்டும் பிசுபிசுத்த களி. அதில் கால் வைத்தால் செருப்பு வரவில்லை.

நான் அந்த வரம்பில் நின்றபடியே குளத்தை நினைத்தேன். வேகமாக வரும் தண்ணீர் எல்லாவற்றையும் சுமக்கும். வேகம் குறையும்போது கனத்த மணலை முதலில் போடும், பிறகு வண்டலை, அசையாமல் நிற்கும்போதுதான் களியை. ஆற்றுக்கு இருக்கும் இந்த ஒழுங்கு குளத்துக்கும் உண்டு. வாய்க்கால் வந்து விழும் வாயில் மணல், நடுப்பகுதியில் வண்டல், குளக்கட்டை ஒட்டிய ஆழத்தில் களி. 2016இல் இயந்திரக்காரருக்கு எது இலகுவோ அங்கே, கட்டோரத்தில் வெட்டிய மண்ணை, நிறத்தைப் பார்த்து நான் வாங்கி வந்திருந்தேன். நான் சுமந்து வந்தது வண்டலே அன்று.

அத்தான் மணல் மேட்டைக் கூலி கொடுத்து வழித்தெடுப்பித்தார். அடுத்த காலபோகத்தில் அந்த நாலாவது வயல், வழக்கமான யூரியாவில் பாதியோடு, மற்ற வயல்களைவிடக் கரும்பச்சையாக நின்றது. களி தேங்கிய பள்ளத்தில் நாற்று மஞ்சளித்து, வெட்டி வாய்க்கால் விட்ட பிறகே எழும்பியது.

ஊருக்குத் திரும்பியதும் போத்தல் முறையைக் கற்றுக்கொண்டேன். இதைச் செய்யாமல் எவரும் குளத்து மண்ணுக்குக் காசு கொடுக்கக்கூடாது என்றே சொல்வேன். நேரான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சவர்க்காரத் தூள். நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அங்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது வண்டல். அங்கே அடுத்த கோடு. மறுநாளும் அதற்கு மறுநாளும் மெல்ல இறங்கி மேலே படிவது களி. நான் 2019 ஆனியில் அதே குளத்தில் ஐந்து இடங்களில் மண் எடுத்து ஐந்து போத்தல்களைக் கிணற்றுக்கட்டில் வரிசையாக வைத்தேன். வாய்க்கால் வாயிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி மணல். கட்டோரப் போத்தலில் தண்ணீர் மூன்றாம் நாளும் கலங்கியே இருந்தது. வாயிலிருந்து முப்பது நாற்பது அடி உள்ளே எடுத்த மண்ணில்தான் நடுப்பட்டை அகலமாக இருந்தது. ஒரே குளம், ஐந்து மண். காய்ந்த மண்ணில் வினாகிரி சில துளி விட்டும் பார்த்தேன். நத்தை ஓடு அதிகம் கலந்த இடத்து மண் நுரைத்தது. சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்த எங்கள் தறைக்கு அதை இன்னும் கூட்டினால், பயிர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகும் என்பதால் அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு ஆடியில் கமநல சேவை நிலையத்திலும் கமக்காரர் அமைப்பிலும் முறைப்படி சொல்லி, மண் ஏற்றிச் செல்லும் அனுமதியும் எடுத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் மட்டும், ஓரடி ஆழத்துக்கு மேற்படாமல் வெட்டுவித்தேன். ஆழம் முக்கியம். எங்கள் குளங்களில் தண்ணீர் நிற்பதே அடியில் களி படிந்திருப்பதால்தான். அந்தக் களியை வழித்துச் சுண்ணாம்புக் கல்லை வெளிக்காட்டிவிட்டால் தை பிறக்கும் முன்பே குளம் வற்றிவிடும். முன்னர் தூர்வாரியபோது ஒரு மூலையில் கல் தெரியுமட்டும் தோண்டி ஏற்றிக்கொண்டு போனவர்களின் பேராசையால் அந்த மூலையில் இன்றைக்கும் தண்ணீர் நிற்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் எரிகிறது.

மண்ணைத் தறையில் நேரே கொட்டவில்லை. வேலியோரமாகச் சிறு குவியல்களாக இட்டு, ஒரு மாதம் வெயிலிலும் காற்றிலும் ஆறவிட்டேன். குளத்தின் அடியில் காற்றுப்படாமல் கிடந்த மண்ணில் கூழ்முட்டை நாற்றம் இருக்கும். அந்த நாற்றம் போகும்வரை அது வேருக்கு ஆகாது. காய்ந்து வெடித்த கட்டிகளை அடித்து உதிர்த்து, கோரைக் கிழங்கையும் பொலித்தீன் துண்டுகளையும் பொறுக்கி, புரட்டாதிக் கடைசியில் பரப்புக்கு ஒரு பெட்டி வீதம், அதற்குமேல் இல்லை, பரப்பினேன். அதன்மேல் மாட்டெருவும் பூவரசங்குழையும். முதல் மழைக்குப் பின், மண் கையில் பிடித்தால் உருளாமல் உதிரும் பதத்தில் உழுவித்தேன். பிறகு அந்த மாரி முழுவதும் எதுவும் நடவில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழைதான் உப்பைக் கழுவி இறக்கும்; செம்பாட்டின் ஓட்டைத்தன்மை உதவியாக வந்தது அப்போது மட்டும்தான். ஒரு போகத்தை விட்டுக்கொடுப்பது சிறு கமக்காரனுக்குப் பெரிய காரியம் என்பதை நான் அறிவேன். அதனால்தான் ஆறு பரப்பிலும் ஒரே ஆண்டில் செய்யாமல் இரண்டு பரப்பில் மட்டும் செய்தேன்.

தையில் வெங்காயம் நட்டேன். மாட்டெருவைக் குறைக்கவில்லை, வண்டல் தனியே நின்று நைதரசனைக் கொடுத்துவிடாது. அது செய்வது வேறு வேலை: நாம் கொடுத்த சத்தையும் நீரையும் வேர் இருக்கும் ஆழத்தில் நிறுத்தி வைப்பது. அதை நான் கண்டது இறைப்பில். பக்கத்துச் செம்பாட்டுப் பாத்திகளுக்கு நாலாம் நாள் தண்ணீர் மாறாவிட்டால் வெங்காயத் தாள் துவளும். வண்டல் கலந்த இரண்டு பரப்பிலும் ஆறாம் நாள்வரை நிமிர்ந்து நின்றது. பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தால் இரண்டாவது கணுவுக்குக் கீழே ஐந்தாம் நாளும் குளிர்ச்சி இருந்தது.

இதன் பெறுமதி 2021இலும் 2022இலும் தெரிந்தது. அரசு செயற்கைப் பசளை இறக்குமதியை நிறுத்திய 2021இல் எருவும் குழையுமே கைகொடுத்தன. அவற்றின் பலன் வண்டல் நிலத்தில் நின்று தெரிந்தது, வெறும் செம்பாட்டில் மழையோடு போயிற்று. அடுத்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். இறைப்பு இயந்திரம் ஓடுவதற்கு எண்ணெய் இல்லை. மிளகாய்க்கு நாலு நாளுக்கு ஒருமுறை இறைக்க முடியாது என்று தெரிந்ததும், இருந்த எண்ணெயை வண்டல் இட்ட பரப்புகளுக்கே செலவிட்டு மற்றவற்றைத் தரிசாக விட்டேன். அந்த மிளகாய்தான் அந்த ஆண்டு வீட்டைப் பார்த்தது.

வயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வழுக்கையாற்றின் பள்ளத்திலும் அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களிலும் ஆண்டுக்கு ஆண்டு மண் கொட்டி மேடாக்குகிறார்கள், மதில் எழுகிறது. வெள்ளம் வந்தால் மட்டும் அது ஆறு என்று நினைவுக்கு வருகிறது. ஓட்டம் மறிக்கப்பட்ட இடத்தில் தண்ணீர் வீட்டுக்குள் போகிறது, வயலுக்கு வரவேண்டிய வண்டலோ மதிலடியில் தங்கிவிடுகிறது. எங்கள் வயலுக்கு இப்போது வெள்ளத்தோடு பொலித்தீன்தான் அதிகம் வருகிறது. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் இரண்டு உரப்பை நிறையப் பொறுக்குகிறேன். யாழ்ப்பாணத்தில் தண்ணீரே தானாக மண் கொண்டுவந்து தரும் நிலம் இந்தப் பள்ளம்தான். வேலிக்கு அடியில் ஒரு கொங்கிறீற்றுக் குழாய் வைத்து ஓட்டத்தை விட்டால்கூட மேலும் கீழும் இருக்கும் எத்தனையோ பரப்பு வயல் பிழைக்கும் என்று அயலவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன், இருவர் வைத்திருக்கிறார்கள்.

தறையில் இன்னும் இரண்டு பரப்பு மீதம் இருக்கிறது. அதற்கான மண்ணை இம்முறை வேறு குளத்தில் பார்த்திருக்கிறேன். நான்கு போத்தல்கள் கிணற்றுக்கட்டில் நிற்கின்றன. மூன்றாவதில் நடுப்பட்டை நன்றாக இருக்கிறது. உப்புப் பரிசோதனையின் முடிவு வந்ததும் இரண்டு பெட்டிக்குச் சொல்வேன்.